பின்வாசல் மாத்திரை

எங்கள் தீவில் எனக்குத் தெரியாத கால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் தம்பி பெனியின் கால்.

மற்றதெல்லாம் அத்துப்படி. இருபத்திரண்டு வருடமாக இந்த மருத்துவமனையில் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் கட்டுகிறேன். போதகரின் இடது குதிகாலில் எந்த வெடிப்பில் மண் சேரும், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எந்த விரலிடுக்கில் பவுடரை அப்பிப் புண்ணை மறைப்பாள், கடலுக்குப் போகும் கிழவர்களில் யார் வெறுங்காலோடு பாறையில் இறங்குவார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். தெருவில் என்னைக் கண்டால் சிலர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இழுக்கட்டும், செவ்வாய்க்கிழமை என்னிடம்தான் நீட்டியாக வேண்டும்.

தம்பி காலை மட்டும் பார்க்க முடியாது. டோங்காவில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் உடம்பு என்ற பேச்சே கிடையாது. பன்னிரண்டு வயதில் பெனி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக் குடிசைக்குப் போனான், அதோடு சரி. நான் இருக்கும் அறைக்குள் வரமாட்டான். அவன் இருக்கும் இடத்துக்கு நான் போனால் எழுந்து வெளியே போய்விடுவான். தலைவலி என்றுகூட இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. இது பகை இல்லை, மரியாதை. அக்கா என்றால் தம்பிக்கு ஒரு படி மேலே. அவன் தோட்டத்தில் முதலில் தோண்டும் பெருவள்ளிக்கிழங்கு என் வாசலுக்குத்தான் வரும். மூட்டையை இறக்கிவைத்து, தொண்டையை ஒரு தடவை செருமுவான். நான் எட்டிப் பார்ப்பதற்குள் லாரி கிளம்பிவிடும். எனக்கு அவன் பாசம் என்பது அந்தச் செருமல்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. என்னோடு வேலை பார்த்த அனசேனிதான் அவனைக் கவனித்துக்கொண்டாள். அவள் பார்க்கும் நாளில் நான் மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். போன வருடக் கடைசியில் அவளும் நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். இங்கே நல்ல நர்ஸ் எல்லாரும் போகிற இடம்தான். அதற்குப் பிறகு பெனியின் அட்டை வெள்ளையாகக் கிடந்தது. பெரிய தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும்போது அங்கே காட்டிக்கொள்கிறான் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் பெண்டாட்டி விக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்காக என் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது ஆத்திரம். முதலாவது அத்தை மேல்.

இலைசானே அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எழுபத்தொரு வயது. பதினைந்து வருடம் ஆக்லாந்தில் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் பதினோரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அவள் என்று எழுதுகிறேன்; நேரில் நீங்கள்தான், அதுவும் குனிந்த தலையோடு. அப்பாவின் அக்காவுக்கு மேலே எங்களுக்கு ஆள் கிடையாது. சாவு வீட்டில் தலைமாட்டில் உட்காருவது அவள், கல்யாணத்தில் முதல் பன்றி அவளுக்கு. அப்பா இறந்தபோது துக்கத்துக்காக என் கூந்தலை வெட்டியதும் அவள்தான். இடுப்பு வரைக்கும் இருந்ததைக் காதோடு சேர்த்து வெட்டினாள், நான் குனிந்து கொடுத்தேன். அவள் கேட்டு ஒருவர் முடியாது என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சொல்லக்கூடாது என்று யாரும் மிரட்டவில்லை. அந்தச் சொல் வாய்க்கு வராது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிகளில் ஏழு முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள். பழுப்பு நிறம், மேலே அலைப்படம், மூடியில் சொட்டு விடும் குழாய். எழுபத்திரண்டு தாதுக்களாம். குரோமியம் சர்க்கரையை இழுக்குமாம், மக்னீசியம் நரம்பைத் தூக்கி நிறுத்துமாம், துத்தநாகம் புண்ணை ஆற்றுமாம். புட்டியை வாங்குகிறவர் நாலு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேரை. சேரச் சேரக் கம்பெனி பவளம், முத்து, வைரம் என்று பட்டம் கொடுத்துக்கொண்டே போகும். மற்ற ஊரில் இந்த வியாபாரத்துக்கு வாய்ச்சாலகம் வேண்டும். அத்தைக்கு அது தேவைப்படவில்லை. கம்பெனிக்காரனுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருந்தால் ஊருக்கு ஒரு அத்தையைச் சம்பளத்துக்கு வைத்திருப்பான்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் கூடத்தில் அத்தை பெனியைக் கூப்பிட்டாள். அவன் உள்ளே இருந்ததால் நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மெல்லிய பாய் ஒன்றை மடித்து, அதன் மேல் ஒரு புட்டியை வைத்து, சபை முழுக்கப் பார்க்கும்படி அவனிடம் நீட்டினாள். பாயோடு வருகிற பொருளை எங்களில் யாரும் சும்மா வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அது கௌரவம்.

"உங்கப்பன் சர்க்கரையிலதான் போனான். நீயும் அந்த வெள்ளை மாத்திரையத் தின்னு தின்னே போகப்போறியா?"

"இல்லீங்க அத்தை."

"அது ஈரலை அரிச்சுடும். இது கடவுள் கடல்ல வச்ச மருந்து. ரெண்டையும் கலந்தா வேலை செய்யாது. அதை விட்டுடு, இதைக் குடி."

"சரிங்க அத்தை."

மாலோ, மாலோ என்று கூடமே நன்றி சொல்லிக் கைதட்டியது. பெனி மண்டியிட்டு வாங்கிக்கொண்டான். நாற்பத்து நாலு வயது ஆம்பளை, பாட்டுக்குழுவில் கீழ்க்குரலுக்கு அவனை விட்டால் ஆளில்லை, ஒரே தூக்கில் கிழங்கு மூட்டையை லாரியில் ஏற்றுகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினான்.

தாதுவின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ரத்தத்தில் மக்னீசியம் குறைந்தால் டாக்டரே எழுதிக் கொடுப்பார், நானே கொடுத்திருக்கிறேன். மாத்திரையோடு கூட ஒருவர் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏதோ சொட்டு விட்டுக்கொண்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். 'அதை விட்டுடு' என்றாளே, அதுதான் விஷம். பெனியும் அதை அப்படியே செய்தான் என்று பிறகு விக்கா சொன்னாள். ஒளித்து வைத்தாவது ஒன்று விழுங்கியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒளித்து விழுங்கினால் அத்தை கொடுத்ததை நம்பவில்லை என்று ஆகும். யாரும் பார்க்காவிட்டாலும் அவன் பார்ப்பானே. அப்படிப்பட்டவன் என் தம்பி.

அதற்கு நாலாவது நாள், வியாழக்கிழமை மத்தியானம், மருந்தறைப் பின்வாசலில் அத்தையின் வண்டி வந்து நின்றது. நோயாளிகள் எல்லாரும் போன பிறகு வருவதுதான் அவள் வழக்கம். குடையை மடித்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"மூணு மாசத்துக்குச் சேத்தே குடுத்துடு. அடிக்கடி வரமுடியல, மூட்டு வலி."

"சரிங்க அத்தை."

"காகிதப் பை வேணாம், சலசலங்குது. துணியில சுத்திக் குடு."

என்ன மாத்திரை என்று நினைக்கிறீர்கள்? அதே வெள்ளை மாத்திரை. ஈரலை அரிக்கும் என்றாளே, அதேதான். அத்தைக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். ஆக்லாந்து டாக்டரின் கடிதத்தை வந்த முதல் வாரமே என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு வேளை தவறமாட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பாள். எங்கள் தீவிலேயே சர்க்கரை அளவு ஒழுங்காக இருக்கிற அட்டை எது என்று கேட்டால் அவள் அட்டையைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாது, அது என் வேலையின் சத்தியம்.

துணியில் சுற்றிக்கொண்டே கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அத்தை, பெனி மாத்திரையை நிறுத்திட்டானா?"

"அவன் உடம்பப் பத்தி நீ பேசலாமா? ஒரு அக்கா கேக்குற கேள்வியா இது?"

"நர்ஸா கேக்குறேன் அத்தை."

"நர்ஸெல்லாம் அந்தப் பக்கம் கூட்டத்துக்கு. இந்த வாசல்ல நீ எனக்கு மருமக." எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். வாசல்படியில் நின்று திரும்பினாள். "என் விசயம் இந்தக் கதவைத் தாண்டக்கூடாது. நீ சத்தியம் பண்ணிட்டு வந்த வேலை இது, ஞாபகம் வச்சுக்க."

கேள்வி கேட்டால் மருமகள், வாயை மூடச் சொல்லும்போது மட்டும் நர்ஸ். வண்டி போன பிறகு அந்த நாற்காலியை எட்டி உதைத்தேன். அது என்ன பாவம் செய்தது. உதைக்க வேண்டிய இடத்தில் தலையைக் குனிந்துவிட்டு நாற்காலியை உதைக்கிற வீரம்தான் அன்றைக்கு எனக்கு இருந்தது.

நாலு மாதம் போனது. செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்குகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்; நடுவில் ஒரு வியாழக்கிழமை அத்தை மட்டும் வந்து அடுத்த மூன்று மாதத்துக்கு வாங்கிப் போனாள். ஒரு சனிக்கிழமை காலையில் கிழங்கு மூட்டை வந்தது. செருமல் வரவில்லை. வெளியே வந்து பார்த்தால் விக்கா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறாள். அதற்கு முந்தின வாரமும் அவள்தான் கொண்டுவந்தாள், அதற்கு முந்தின வாரமும் அவள்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். நான் சொன்னேன்னு அவருக்குத் தெரியவேணாம்."

"சொல்லு."

"அவரு கால் நாறுது."

நான் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விக்கா நின்றபடியே சொன்னாள். மூன்று ஞாயிறுக்கு முன்னால், விடிந்ததும், கோயிலுக்குப் போவதற்கு முன்னால் மண்ணடுப்பை மூட்டியிருக்கிறார்கள். கல் பழுத்ததும் பெனி குச்சியால் கல்லைப் பரப்பிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"கருகுற வாசனை வந்துச்சு அண்ணி. பன்னிக்கறி இன்னும் வைக்கவே இல்லையே, என்ன கருகுதுன்னு குனிஞ்சு பாத்தேன். உருண்டு வந்த கல்லு மேல அவரு பாதம் இருக்கு. அவரு பாட்டுக்கு நின்னுக்கிட்டு, இலையை எடுத்து வைடின்னு என்கிட்ட பேசிட்டிருக்காரு."

"ஆஸ்பத்திரிக்கு ஏன்டி வரல?"

விக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரியில யாரு அண்ணி இருக்கா? நீங்கதானே இருக்கீங்க. எங்க அக்கா முன்னாடி போய்க் காலை நீட்டச் சொல்றியான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் நான் என்ன சொல்ல?"

"பெரிய தீவுக்கு?"

"டிக்கெட்கூட எடுத்தேன். அத்தை வேணாம்னுட்டாங்க. துத்தநாகம் ஆத்திடும், தண்ணியில சொட்டு விட்டுக் காலை ஊறவைன்னாங்க. நாளைக்குக் கூடத்துல அவரு சாட்சி சொல்லணும். மாத்திரை இல்லாமலே சுகர் போயிடுச்சுன்னு. அத்தைக்கு வைரப் பட்டமாம்."

"என்ன நிறத்துல இருக்கு?"

"சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுப்பு. மேல சிவப்பு ஏறிட்டே இருக்கு."

பெரிய தீவிலிருக்கும் டாக்டருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் விமானம் பறக்காது, சனிக்கிழமை விமானம் போய்விட்டது. திங்கள் காலை முதல் விமானத்தில் ஏற்றுங்கள், அதுவரை ஊசி போட்டுக்கொண்டே இருங்கள், காலைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றார். பார்த்துவிட்டு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பெனி வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே பாய் நகரும் சத்தம் கேட்டது. பிறகு பின்பக்கம் வாழைச் சருகு நொறுங்கும் சத்தம். என் குரலைக் கேட்டதும் பின்வழியாகத் தோட்டத்துக்குள் போய்விட்டான். பயந்து போகவில்லை. அக்கா வருகிறாள், எழுந்து போக வேண்டும், அதனால் போனான். வெந்து அழுகிய காலை இழுத்துக்கொண்டு போனான். சுற்றிச் சுற்றித் தேடினேன், கத்தினேன், ஆள் அகப்படவில்லை. அந்த வாழைத்தோட்டத்தில் நின்று எங்கள் பரம்பரை முழுக்கத் திட்டினேன். மரியாதை, மரியாதை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினேன். கடைசியில் புண்ணில் கிருமியைக் கொல்லும் மாத்திரையை விக்காவிடம் கொடுத்து, சாப்பாட்டில் நசுக்கிப் போட்டாவது கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கென்று உடுத்தும் கறுப்பு உடையை நான் உடுத்தவில்லை, மரியாதைக்குக் கட்டும் பாயை இடுப்பில் கட்டவில்லை. நர்ஸ் உடையைப் போட்டுக்கொண்டேன். ஆராதனை முடிந்து எல்லாரும் கூடத்துக்குள் போன பிறகு முன்வாசல் வழியாக நுழைந்தேன்.

மேடையில் புட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில் பெனி. வெள்ளைக் காலுறை, பளபளவென்று கறுப்புச் சப்பாத்து. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, மேலுதட்டில் வேர்வை. என்னைப் பார்த்ததும் எழுந்தான், பக்கவாசலைப் பார்த்தான்.

"உக்காரு பெனி."

முப்பத்திரண்டு வருடத்தில் நான் அவன் பெயரை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை சொல்லைத் தட்டத் தெரியாதவனுக்கு அக்கா சொல்லையும் தட்டத் தெரியாது. அதை நம்பித்தான் போயிருந்தேன். உட்கார்ந்தான்.

மேடையேறி அவன் முன்னால் மண்டியிட்டேன். பெண்கள் கையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அக்கா தம்பியின் காலடியில் உட்காருவதா? சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தபோது வந்த நாற்றத்துக்கு முன்வரிசை நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. விரல் இரண்டல்ல, மூன்று. உள்ளங்காலில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி. சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. பெனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வலியில் இல்லை, அவனுக்குத்தான் வலிக்கவே இல்லையே. நான் பார்ப்பதை அவன் பார்க்கக்கூடாது என்று திருப்பிக்கொண்டான்.

"லவெனிதா, எழுந்திரு." அத்தையின் குரல். "வெக்கமா இல்ல உனக்கு? ஒரு அக்கா தம்பி காலைப் புடிக்கிறதா?"

"வெக்கமாத்தான் இருக்கு அத்தை. நாலு மாசத்துக்கு முன்னாடியே புடிச்சிருக்கணும்."

"ஆறிட்டுத்தான் வருது. கறுப்பு வந்தா விஷம் வெளிய வருதுன்னு அர்த்தம்."

காலைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்ததும் அன்றுதான்.

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது தப்புன்னு நீங்களே சொல்லுங்க அத்தை. இவங்க எல்லாரும் உங்க பேச்சைக் கேட்டு நிறுத்தியிருக்காங்க. உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அது போதும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் நின்றது. அவள் கை தானாகத் தன் கைப்பையின் வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு கணம் சொல்லிவிடுவாள் என்றுகூட நினைத்தேன்.

"நான் என்னத்தச் சொல்ல," என்றாள். "சொட்டு போதும். நம்பிக்கைதான் வேணும்."

என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன்.

அன்று முழுக்க ஊசி போட்டேன். திங்கள் காலை விமானத்தில் ஏற்றினோம். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரத்தை நான் எங்கே போய்த் தேட? கூடத்தில் அந்த நாற்றத்தை முகர்ந்த பிறகும் எங்கள் ஊர் அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெனியின் நம்பிக்கை பத்தவில்லை என்று பேசிக்கொண்டார்கள். புட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

அத்தையின் மாத்திரை எந்த வாரம் தீரும் என்று எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை மத்தியானம் பின்வாசலில் வண்டி நின்றது. நான் கதவைத் தாழ் போட்டிருந்தேன். தள்ளிப் பார்த்தாள், தட்டினாள். நான் ஜன்னலைத் திறந்தேன்.

"கதவு என்ன ஆச்சு?"

"இனிமே முன்வாசல்தான் அத்தை. செவ்வாய்க்கிழமை காலைல எட்டு மணிக்கு வாங்க. பெஞ்சுல உக்காந்தீங்கன்னா பேர் கூப்பிடுவேன்."

"நானா? பெஞ்சுலயா?"

"எல்லாரும் அங்கதான் உக்கார்றாங்க."

"இன்னையோட தீந்துபோச்சுடி."

ஐந்து நாளுக்கான மாத்திரையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொன்னேன். என்ன ஆத்திரம் இருந்தாலும் அதை மனதாரத்தான் சொன்னேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள். நான் யாருடைய ரகசியத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்.

வராமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒன்பது வருடம் தன் உடம்பை அப்படிக் காத்தவள் ஒரு பெஞ்சுக்காக விட்டுவிடுவாளா? செவ்வாய்க்கிழமை எட்டரைக்குத் தொப்பியும் குடையுமாக உள்ளே நுழைந்தாள். பெஞ்சில் இடமில்லை. நடுவில் பெனி ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறு நர்ஸ் இல்லாததால் இப்போது நான்தான் அவனுக்குக் கட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

அத்தையைப் பார்த்ததும் பெனி ஊன்றுகோலைத் தரையில் ஊன்றினான். ஒற்றைக் காலில் தடுமாறி எழுந்தான். தன் இடத்தைக் கையால் துடைத்துக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நான் அட்டைகளை அடுக்கினேன்.

ரத்தம் பார்க்க வந்த மூன்று பேர் போக, அந்த இடங்களில் புதிதாக வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்; பிறகு அவள் முறை வந்தது. எல்லாரையும் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டேன்.

"இலைசானே."

மேசைக்கு வந்தாள். மற்றவர்களுக்குச் செய்வதைப் போலவே விரலில் குத்தி ரத்தம் பார்த்தேன், அட்டையில் எழுதினேன், காகிதப் பையில் மாத்திரையைப் போட்டு நீட்டினேன். பை சலசலத்தது. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டோட," என்று எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன். அந்த வெள்ளை மாத்திரையைப் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பாதிப் பேர் அதை நிறுத்தியவர்கள்.

பெனி இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"அத்தை," என்றான். "நீங்களும் இதைத்தான் சாப்பிடுறீங்களா?"

"சொட்டும் போடுவேன், இதுவும் சாப்பிடுவேன். ரெண்டும்தான். அதுக்கென்ன இப்ப?"

"ரெண்டையும் கலந்தா வேலை செய்யாதுன்னு சொன்னீங்களே."

"அது அவங்கவங்க உடம்பப் பொறுத்தது."

"என்னை நிறுத்தச் சொன்னது நீங்கதானே அத்தை."

குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான். அத்தை பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எழுபத்தொரு வருடத்தில் அவளை யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அல்லவா பதில் வைத்திருக்கப் பழகியிருப்பாள்.

பெனி அவள் எழுந்துபோன இடத்தில் மெதுவாக உட்கார்ந்தான். ஊன்றுகோலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். அத்தை திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள். மூட்டு வலி, நிற்க முடியாது, வெளியே வெயில், வண்டி இன்னும் வரவில்லை. பெனி எழுந்திருக்கவில்லை. அவனுக்கு இந்தப் பக்கம் இருந்தவரும் எழவில்லை, அந்தப் பக்கம் இருந்தவரும் எழவில்லை. அவள் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

நான் அடுத்த அட்டையை எடுத்தேன்.

"பெனி."

வந்து உட்கார்ந்து காலை நீட்டினான். கட்டைப் பிரித்தேன். அவன் சுவரைப் பார்க்கவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையை ஒரு தடவை செருமிக்கொண்டு, "இந்த எடத்துல வலிக்குதுக்கா," என்றான்.